வெட்டணுமா, அப்படியே போடவா? வடசென்னையில் ஐந்து நாள்

முதல் நாள், தண்டையார்பேட்டை

வள்ளியூரில் ரயில் ஏறி, எழும்பூரில் இறங்கி, சென்ட்ரலில் மெட்ரோ மாறித் தண்டையார்பேட்டை வந்து சேர்ந்தபோது காலை எட்டரை. அத்தை வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். சென்னைக்கு வாழ வந்து முப்பத்தைந்து வருடம் ஆகியும் அவள் வாயிலிருந்து "ஏலே" போகவில்லை. மாமா அதற்கு நேர் எதிர், இந்தத் தெருவிலேயே பிறந்தவர், "இன்னா மாப்ள, மூஞ்சி வாடிக்கீது" என்றுதான் வரவேற்பார்.

மாமா கல்பாக்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். என்ன வேலை என்று எங்கள் குடும்பத்தில் ஒருவருக்கும் முழுசாகத் தெரியாது. கல்யாணத்தின்போது "மாப்பிள்ளை அணுவுல இருக்காரு" என்று சொன்னதோடு சரி. கேட்டால் "பைப்பு, வால்வு, பம்பு, அவ்ளோதான்" என்பார். 1962-ஆம் வருடத்து அணுசக்திச் சட்டம், பிரிவு 18, எதைச் சொல்லலாம் எதைச் சொல்லக் கூடாது என்று ஒரு கோடு போட்டு வைத்திருந்தது, அந்தக் கோட்டுக்குள் முப்பது வருடம் இருந்த மனுஷனுக்கு ஓய்வு பெற்ற பிறகும் கோடு அழியவில்லை. புத்தகத்தில் அச்சாகி வந்ததை மட்டும் பேசுவார். ஆனால் அதை அவர் மாதிரி யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

எனக்கோ கூடங்குளம் பக்கத்து ஊர். அணு உலையில் எரிந்து முடிந்த எரிபொருள் எங்கே போகும் என்ற கேள்வி டீக்கடையிலேயே புழங்குகிற ஊர். வடசென்னை சுற்றிப் பார்க்கப் போகிறேன், தினமும் எழுதுகிறேன் என்று இங்கே போன வாரமே சொல்லியிருந்தேன். சுற்றிப் பார்ப்பதோடு மாமாவின் வாயையும் கிளறலாம் என்ற திட்டத்தை மட்டும் சொல்லவில்லை.

சாயங்காலம் அத்தை முருங்கைக்காய் நறுக்க உட்கார்ந்தாள். மாமா ஒரு கத்தை காயை அப்படியே கையில் எடுத்து, "பண்டில்னா இன்னானு கேட்டியே, இந்தா" என்று தரையில் நிறுத்தினார். நடுவில் ஒன்று, அதைச் சுற்றி ஆறு, அதற்கும் வெளியே பன்னிரண்டு, ஆக 19. வீட்டில் இருந்தது பதினேழு காய்தான், வெளி வட்டத்துக்குப் பத்தாமல் அகப்பையும் தோசைக் கரண்டியும் சேர வேண்டியதாயிற்று. சென்னை அணுமின் நிலையத்து உலையில் போகிற எரிபொருள் பண்டில் கிட்டத்தட்ட இதே நீளம், அரை மீட்டர். 19 குழாய்க்குள்ளும் யுரேனியம் ஆக்சைடு வில்லைகள், மொத்த எடை 15 கிலோவுக்கு மேல். அங்கே ஓர் உலைக்கு 306 குழல்கள், குழலுக்குப் பன்னிரண்டு பண்டில். உள்ளே போகும்போது கையுறை போட்டுத் தூக்கலாம். எரிந்து வெளியே வரும்போது கிட்டேயே போக முடியாது, தண்ணீருக்கு அடியில்தான் வருடக்கணக்கில் கிடக்க வேண்டும்.

யுரேனியம் எரியும்போது அதில் கொஞ்சம் புளூட்டோனியமாக மாறும், அணுகுண்டுக்கும் ஆகும், உலைக்கும் ஆகும். அப்படி எரிந்த பண்டில் ஒன்றில் அது எவ்வளவு இருக்கும்? 50 கிராம் வாக்கில். ஒரு சின்ன பிஸ்கட் பாக்கெட் எடை. ஒரு குண்டுக்குப் போதும் என்று சர்வதேச அணுசக்தி முகமை கணக்குக்கு வைத்திருப்பது 8 கிலோ, அதாவது ஏறத்தாழ 160 பண்டில்.

"காயைக் குடுக்கீகளா, குழம்பு வைக்கவா வேண்டாமா?" என்று அத்தை கேட்டதும் அன்றைய பாடம் முடிந்தது.

இரண்டாம் நாள், காசிமேடு

விடிகாலை நாலு மணிக்கு எழுப்பிவிட்டார். காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்கு அந்நேரம் போகாவிட்டால் போனதற்கே அர்த்தம் இல்லையாம். உண்மைதான். ஏலக் கூச்சல், ஐஸ் உடைக்கிற சத்தம், காலுக்கடியில் செதில் கலந்த தண்ணீர், தலைக்கு மேலே கூடையோடு ஓடுகிறவர்களின் "வயி... வயி...". செருப்பு வழுக்கி நான் ஒரு முறை உட்கார்ந்தே விட்டேன், அதைப் பற்றி மேற்கொண்டு எழுதுவதாக இல்லை.

மாமா இரண்டு கிலோ சங்கரா வாங்கினார். மீன் வெட்டும் இடத்தில் வரிசையாகப் பெண்கள். பலகை, கத்தி, பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர். நம்ம பையை வாங்கிய அக்கா தலையை நிமிர்த்தாமலே, "வெட்டணுமா, அப்படியே போடவா? எங்க போவுது மீனு?" என்று கேட்டார். மாமா, "வீட்டுக்குத்தான், இப்பவே குழம்பு" என்றதும் கத்தி எடுத்தார். எங்களுக்கு முன்னால் நின்றவர் வேலூர் வரைக்கும் கொண்டு போகிறவர் போல. அவரை அக்கா திட்டியே விட்டார், "அவ்ளோ தூரத்துக்கு எவனாச்சும் வெட்டி எடுத்துனு போவானா? முழுசா ஐஸ்ல போட்டுக்கினு போ, அங்க போயி வெட்டிக்கோ."

டீ குடிக்கும்போது மாமா தானாகவே ஆரம்பித்தார். "அந்தம்மா சொன்னதுதான் மாப்ள, நீ கேக்கற மேட்டரு."

எரிந்த பண்டில் முழு மீன். அதற்குள் சீசியமும் ஸ்ட்ரான்சியமும் உக்கிரமாகக் கதிர்வீசிக்கொண்டு புளூட்டோனியத்துக்குக் காவல் நிற்கின்றன. திருட நினைக்கிறவன் தூக்கிக்கொண்டு தெருமுனை தாண்டுவதற்குள் விழுந்துவிடுவான். ரீபிராசஸிங் என்பது அதை வெட்டுவது. பண்டிலைத் துண்டு துண்டாக நறுக்கி, சூடான நைட்ரிக் அமிலத்தில் கரைத்து, மண்ணெண்ணெய் மாதிரியான எண்ணெயில் டிரைபியூட்டைல் பாஸ்பேட் கலந்து அதனோடு சேர்த்துக் குலுக்குவார்கள். ரேஷன் மண்ணெண்ணெயில் தண்ணி கலந்திருக்கிறதா என்று பாட்டிலைக் குலுக்கிப் பார்த்த காலம் இந்தப் பக்கத்து ஆட்களுக்கு ஞாபகம் இருக்கும், மேலே எண்ணெய், கீழே தண்ணீர். யுரேனியமும் புளூட்டோனியமும் எண்ணெய்க்கு ஏறிவிடும், கதிர்வீசும் கழிவு அமிலத்திலேயே தங்கும். அப்புறம் புளூட்டோனியத்தின் வேதி நிலையை மாற்றினால் அது மட்டும் எண்ணெயை விட்டு மறுபடி தண்ணீருக்கு இறங்கும். கடைசியில் கையில் மிஞ்சுவது ஒரு ஆக்சைடுப் பொடி. மூக்கில் போனால் ஆபத்து. ஆனால் கண்ணாடிப் பெட்டிக்குள் கையுறையை விட்டுக் கையாளலாம், டப்பாவில் அடைத்துத் தூக்கிக்கொண்டும் போகலாம். காவல் போய்விட்டது.

"சரி, வெச்சிருந்தா கெட்டுப் போவுமா?" என்று கேட்டேன். இரும்பு, தங்கம் மாதிரி கிடக்கும் என்றுதான் நினைத்திருந்தேன். புளூட்டோனியம் 239-க்கு அரை ஆயுள் 24,100 வருடம் என்று எல்லாரும் படித்திருப்போமே.

"கெடும். அதுல 241-னு ஒண்ணு கலந்துக்கீது. பதினாலு வருஷத்துல பாதி, அமெரிசியமா மாறிப்பூடும். அமெரிசியம் காமா வுடும். பழைய சரக்க எடுத்து ஃபியூல் பண்றவன் கைக்கு டோஸ் ஏறும். திரும்பவும் கரைச்சு சுத்தம் பண்ணணும். வெட்டி வெச்ச மீனு மாப்ள, ஐஸ்லயே வெச்சாலும் எத்தினி நாளு?"

எனக்கு அந்த இடத்தில் டீ ஆறிப்போனது. கொள்கை என்று பக்கம் பக்கமாகப் படித்ததில் ஒருவரும் இதை இவ்வளவு சுலபமாகச் சொல்லவில்லை. வாங்குகிறவன் வாசலில் நிற்கும்போது வெட்டு, அவ்வளவுதான் சங்கதி.

நம் நாட்டில் வாங்குகிறவன் யார்? வேக ஈனுலை, எரிப்பதைவிட அதிகமாகப் புது எரிபொருளை ஈன்று தருகிற அணு உலை. ஹோமி பாபா போட்ட மூன்று கட்டத் திட்டத்தில் முதல் கட்டம் இயற்கை யுரேனிய உலை, இரண்டாவது கட்டம் அதிலிருந்து பிரித்த புளூட்டோனியத்தில் ஓடும் ஈனுலை, மூன்றாவது எங்கள் ஊர்ப் பக்கத்துக் கடற்கரை மணலில் கிடக்கிற தோரியம். டிராம்பேயில் முதல் பிரிப்பு ஆலை 1964-லேயே வந்துவிட்டது. கல்பாக்கத்து ரீபிராசஸிங் ஆலை 1998-ல். அதே கல்பாக்கத்தில் 500 மெகாவாட் ஈனுலைக்கு 2004-ல் வேலை தொடங்கியது, 2010-ல் ஓட வேண்டியது, உள்ளே எரிபொருள் நிரப்பும் வேலைக்கு விழா எடுத்ததே 2024 மார்ச்சில். முதல் நிரப்புக்கு மட்டும் ஏறத்தாழ 2 டன் புளூட்டோனியம் வேண்டும். கத்தி தீட்டி வெட்ட உட்கார்ந்தாயிற்று, கஸ்டமர் வர இத்தனை வருடம்.

இதைச் சொன்னதும் மாமாவுக்குச் சுருக்கென்றது. "நாங்க சும்மா வெட்டிக் குமிக்கல. தேவைக்கு ஏத்த மாதிரிதான்" என்றார். எவ்வளவு வெட்டினீர்கள் என்று கேட்டேன். கிளாஸை வைத்துவிட்டு எழுந்துவிட்டார்.

ராத்திரி பீச் ஸ்டேஷன் எதிரே அத்தோ சாப்பிட்டோம். பர்மாவிலிருந்து வந்தவர்கள் கொண்டுவந்த சாப்பாடு, வாழைத்தண்டு சூப்போடு. சண்டை அதோடு சமாதானம்.

மூன்றாம் நாள், எங்கேயும் போகவில்லை

மழை. தெருவில் முட்டிக்கால் தண்ணீர். ராயபுரம் ஸ்டேஷன் பார்க்கலாம் என்றிருந்தேன், 1856-ல் திறந்தது, தென்னிந்தியாவின் முதல் ரயில் நிலையம், நடக்கவில்லை. மாமா டிவி, அத்தை தூக்கம், நான் போன்.

மற்றவர்கள் என்ன செய்தார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பிரிட்டன்காரன் பல பத்தாண்டு வெட்டி வெட்டி செல்லாஃபீல்டில் 140 டன் சேர்த்துவிட்டான். ஈனுலைத் திட்டத்தை நடுவிலேயே கைவிட்டாயிற்று, சரக்கை வாங்க ஆள் இல்லை. கடைசியில் 2025 ஜனவரியில், இதை எரிபொருளாக்க மாட்டோம், கெட்டியாக உறைய வைத்துப் புதைப்போம் என்று முடிவெடுத்தார்கள். ஜப்பானிடம் 44 டன் வாக்கில், அதில் பெரும்பகுதி பிரான்சிலும் பிரிட்டனிலும் கிடக்கிறது. அவர்களுடைய மொஞ்சு ஈனுலையை மூட 2016-ல் தீர்மானம் ஆனது, ரொக்காஷோவில் 1993-ல் கட்டத் தொடங்கிய பிரிப்பு ஆலைக்கு இன்னும் தேதி தள்ளிக்கொண்டே போகிறது. அமெரிக்கா 1977-லேயே வணிக ரீபிராசஸிங்கை நிறுத்தி வைத்தது. அதற்கு முக்கியக் காரணமே நாம்தான், 1974 மே 18 பொக்ரானில் நாம் நடத்திய அணுகுண்டுச் சோதனை. ஆனால் வெட்டாமல் விட்டவன் மட்டும் நிம்மதியாக இருக்கிறானா? அமெரிக்காவில் யக்கா மலையில் புதைக்கலாம் என்று 1987-ல் சட்டம் போட்டும் ஒரு பண்டில்கூட அங்கே போய்ச் சேரவில்லை, உலைகளின் வாசலிலேயே கிடக்கிறது. நம் தாராப்பூரின் முதல் இரண்டு உலைகளின் பழைய எரிபொருளும், அந்த உலைகளைக் கொடுத்த அமெரிக்காவோடு போட்ட ஒப்பந்தத்தின் சிக்கலில் மாட்டி அங்கேயே இருக்கிறது.

கூடங்குளம் விஷயம் இன்னும் கோணல். 1988 ஒப்பந்தப்படி எரிந்ததை ரஷ்யாவே எடுத்துக்கொண்டு போவதாகப் பேச்சு, 1998-ல் அதை மாற்றி நாமே வைத்துக்கொள்வதாக ஆயிற்று. 2013 மே மாதம் உச்ச நீதிமன்றம், உலைக்கு வெளியே தனிச் சேமிப்பிடம் ஐந்து வருடத்துக்குள் வேண்டும் என்றது. 2019 ஜூலை 10 திருநெல்வேலி மாவட்டத்தில் கருத்துக் கேட்புக் கூட்டம் என்று அறிவித்தார்கள், எதிர்ப்பு வலுத்ததும் தள்ளிவைத்தார்கள். எங்கள் தெருவிலிருந்து வேன் பிடிக்கப் பணம் பிரித்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, அந்தப் பணம் என்ன ஆனது என்று இன்று வரை தெரியவில்லை.

2025 டிசம்பரில் வந்த சாந்தி சட்டம் அணுமின் துறையில் தனியாரையும் உள்ளே விட்டது. ஆனால் ரீபிராசஸிங்கையும் எரிந்த எரிபொருளையும் மத்திய அரசே வைத்துக்கொண்டது. நல்லது என்றுதான் எனக்குப் படுகிறது.

நான்காம் நாள், எண்ணூர்

காலையில் கும்மிடிப்பூண்டி லோக்கல். ஜன்னலோரம் கிடைத்தது. எண்ணூரில் இறங்கி ஷேர் ஆட்டோவில் முகத்துவாரம் பக்கம் போனோம். மாமாவின் பள்ளிக்கூடச் சேக்காளி ஒருவர் அங்கே மீனவர். எங்கள் இருவரையும் ஃபைபர் படகில் ஏற்றிக்கொண்டு கொசஸ்தலை ஆற்றில் உள்ளே போனார்.

நடு ஆற்றில் எஞ்சினை நிறுத்திவிட்டு, "இறங்கு தம்பி" என்றார். நடு ஆற்றில் இறங்கச் சொல்கிறாரே என்று மாமாவைப் பார்த்தேன், அவர் சிரித்தார். இறங்கினேன். தண்ணீர் முட்டி வரைக்கும்தான். ஆனால் கால் நிற்கவில்லை, கணுக்கால் வரைக்கும் ஏதோ மாவுக்குள் போவது மாதிரி சத்தமில்லாமல் இறங்கியது. குனிந்து ஒரு கை அள்ளினேன். சாம்பல் நிறம், சேற்றின் பிசுபிசுப்பு இல்லை, விரலிடுக்கில் முகப்பவுடர் மாதிரி வழுவழுவென்று வழிந்தது. கையைக் கழுவியும் ரேகைக்குள் கோடு கோடாக நின்றது. "நான் சின்னப் பையனா இருக்கும்போது இங்க ஆளு முழுகும்" என்றார் அவர். இறால் தடவுகிறவர்களுக்கு இப்போது கைக்கு இந்த மாவுதான் அகப்படுகிறதாம்.

அனல் மின் நிலையத்துச் சாம்பல். நிலக்கரி எரிந்த சாம்பலைத் தண்ணீரில் கரைத்துக் குழம்பாக்கி, குழாய் வழியாகச் செப்பாக்கம் பக்கத்துச் சாம்பல் குளத்துக்குத் தள்ளுகிறார்கள். குழாய் போகிற வழி முழுக்க ஆறும் உப்பங்கழியும். ஒழுகுகிற இடத்தில் எல்லாம் ஆறு மேடாகிறது. கரையோர அலையாத்திச் செடிகளின் அடித்தண்டில் கறுப்பாக ஒரு பட்டை வேறு, 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தோடு வந்த எண்ணெய் என்று காட்டினார்.

எனக்கு உறைத்தது வேறொன்று. இந்தச் சாம்பலும் அரசாங்க ஏட்டில் கழிவு கிடையாது, வளம். செங்கல்லுக்கு ஆகும், சிமென்ட்டுக்கு ஆகும், சாலைக்கு ஆகும். நிஜமாகவே ஆகும்தான். 1999 செப்டம்பரில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் இதற்கென்றே அறிவிப்பு போட்டது, சாம்பல் முழுவதும் பயனுக்குப் போக வேண்டும் என்று. கெடு தள்ளிப்போக 2003, 2009, 2016 என்று அதைத் திருத்திக்கொண்டே வந்து, 2021-ல் புது அறிவிப்பே போட்டார்கள். அத்தனை வருடமும் சாம்பல் வளமாகவே இந்த ஆற்றில் இறங்கிக்கொண்டிருந்தது.

எரிந்த எரிபொருளும் நம் கொள்கைப்படி கழிவு இல்லை, நாளைக்கான எரிபொருள். இந்த ஒரு வார்த்தைதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. கழிவு என்று ஒத்துக்கொண்டால் எங்கே புதைப்பாய், எப்போது, யார் செலவில் என்று கேட்கலாம். வளம் என்று சொல்லிவிட்டால் கேள்வியே எழாது, வைத்திருக்கிறோம், வேண்டும்போது எடுப்போம், முடிந்தது. இதைப் படகில் உட்கார்ந்தபடியே மாமாவிடம் சொன்னேன். கொஞ்சம் சூடாகவே சொல்லிவிட்டேன்.

அவர் கோபப்படவில்லை. ரொம்ப நேரம் கரையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் பேசினார். "இதையும் அதையும் ஒண்ணா வெக்காத மாப்ள. இது லட்சக்கணக்கான டன்னு, எவனும் எண்ணல. அங்க ஒவ்வொரு பண்டிலுக்கும் நம்பர் உண்டு. குளத்துத் தண்ணி ஒரு சொட்டு கொறஞ்சாலும் எழுதணும். அமிலத்துல நின்ன கழிவை போரோசிலிகேட் கண்ணாடியா உருக்கி, எஃகு டப்பால அடைச்சு, தாராப்பூர்ல காத்தோட்டமா வெச்சிருக்கான். அந்த சீசியத்தையே எடுத்து ரத்த வங்கில ரத்தத்துக்குக் கதிரடிக்கக் குடுக்கறான். ஆத்துல வுடல."

சரிதான், அதை நான் மறுக்க மாட்டேன். அளவிலும் ஒழுங்கிலும் இரண்டும் ஒன்றில்லை, கோபத்தில் நான் ஒரே தட்டில் வைத்துவிட்டேன். ஆனால் அந்தக் கண்ணாடியை எங்கே நிரந்தரமாகப் புதைப்பது என்று இடம் இன்னும் தேர்வாகவில்லை. 2012-ல் கோலார் சுரங்கத்தின் பெயர் அடிபட்டதுமே ஊர் திரண்டது, அரசு மறுத்தது. பின்லாந்துக்காரன் ஓன்கலோவில் பாறையைக் குடைந்து புதைக்கிற இடத்தையே கட்டிவிட்டான்.

இன்னொன்று. உள்ளே ஒவ்வொரு பண்டிலுக்கும் நம்பர் இருக்கலாம், வெளியே ஒரு கூட்டுத்தொகைகூடக் கிடையாது. 1997-லிருந்து ஒன்பது நாடுகள், தங்கள் சிவில் கையிருப்பில் பிரித்த புளூட்டோனியம் எவ்வளவு என்று வருடா வருடம் சொல்வதாக ஒத்துக்கொண்டன. சீனா சில வருடங்களாகச் சொல்வதை நிறுத்திவிட்டது, மற்றவை சொல்கின்றன. அந்த ஒன்பதில் நாம் இல்லை. 2006-ல் அமெரிக்க அணு உடன்பாட்டுக்காக உலைகளைச் சிவில், ராணுவம் என்று பிரித்தபோது கல்பாக்கத்து உலைகளும் ஈனுலையும் சர்வதேசக் கண்காணிப்புக்கு வெளியே நின்றன. ராணுவத்துக்கு எவ்வளவு என்று நான் கேட்கவே இல்லை. மின்சாரத்துக்கு என்று வைத்திருப்பது எத்தனை டன், எந்த வருடம் பிரித்தது, எந்த உலைக்கு, இவ்வளவுதான் கேள்வி.

"அத்த நீ என்னாண்ட கேக்காத" என்றார் மாமா. "எனக்கே தெரியாது. நெஜமாத்தான். என் வால்வு வரைக்கும்தான் எனக்கு."

படகுக்காரர் எஞ்சினைக் கிளப்பினார். திரும்பும்போது ஒருவரும் பேசவில்லை. கரையில் அவர் வீட்டம்மா நண்டு ரசம் கொடுத்தார், அதற்கு ஈடு இணை இல்லை.

ஐந்தாம் நாள், மணலி வழியாக எழும்பூர்

ரயில் சாயங்காலம்தான் என்பதால் மாமா தன் ஸ்கூட்டரில் மணலி வரை ஒரு சுற்று அழைத்துப்போனார். கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே அவர் ஓட்டிய விதத்தைப் பற்றி அத்தையிடம் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறார். அத்தை இதைப் படிப்பதில்லை.

ஒரு கிடங்குச் சுவர் ஓரமாக வண்டியை நிறுத்தி, "ஞாபகம் இருக்கா, 2020?" என்றார். எனக்கு உடனே பிடிபடவில்லை. அந்த வருடம் ஆகஸ்ட் 4-ஆம் தேதி பெய்ரூட் துறைமுகத்தில் 2,750 டன் அமோனியம் நைட்ரேட் வெடித்தது. அப்போதுதான் மணலி நினைவுக்கு வந்தது. 2015-ல் சுங்கத்துறை பிடித்த 37 கண்டெய்னர் அமோனியம் நைட்ரேட், வெள்ளத்தில் வீணானது போக 697 டன், இந்தப் பக்கத்துக் கிடங்கு ஒன்றில் ஐந்து வருடமாகக் கிடந்தது. அதுவும் கழிவு இல்லை, வழக்குச் சொத்து. பெய்ரூட் செய்தி வந்த சில நாளில் அவசர அவசரமாக லாரியில் ஏற்றி ஹைதராபாத் பக்கம் அனுப்பினார்கள். அதுவரை இந்தத் தெருக்காரர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

"எனக்கே பேப்பர்லதான் தெரியும்" என்றார் மாமா. "வூட்லேர்ந்து எவ்ளோ தூரம்னு அன்னிக்கு வண்டி மீட்டர்ல பாத்தேன்." எத்தனை கிலோமீட்டர் என்று அவர் சொல்லவில்லை. ஹெல்மெட்டைத் துடைத்துக்கொண்டே, "நீ நேத்து கேட்டது தப்பில்ல. அளவ சொல்றதுல இன்னா போவுது, நாங்க நல்லாத்தான் வெச்சிருக்கோம்" என்றார். அவர் "நாங்க" என்று சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

எழும்பூரில் ரயில் ஏறிய பிறகு அம்மா போன் செய்தாள். அத்தை என்ன கொடுத்துவிட்டாள் என்பதுதான் முதல் கேள்வி. காசிமேட்டுக் கருவாடு என்றேன். எவ்வளவு என்றாள். பையைப் பிரித்துப் பார்த்தேன், பொட்டலத்தின் மேலே கருவாட்டுக்காரம்மா ஸ்கெட்ச் பேனாவால் எழுதியிருந்தார்: நெத்திலி, ஒன்றரை கிலோ, காயப்போட்ட தேதி. கம்பார்ட்மென்ட் முழுக்க வாசம் கிளம்பிவிட்டது, எதிர் சீட்டுக்காரர் முறைக்கிறார், பையை மூடுகிறேன்.